வேர்க்கும் நெஞ்சைத் தேடி வந்த சுகந்தி மிஸ்

மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது மகள் ஓடி வந்தாள். "வாப்பா, சுகந்தி மிஸ் மவுத்தாகிட்டாங்களாம்." இறந்த செய்தி கேட்டுக் குழாயை மூடவும் தோன்றவில்லை, பாத்தி முழுக்க வெள்ளம். எங்கள் ஊர் எத்தாளையில் அவரைத் தெரிந்தவர்கள் பலர். அவர்களுக்காகச் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

மிஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். நெஞ்சில் கட்டினால் இதயம் துடிப்பதைத் தூரத்துக் கணினிக்குச் சொல்லும் பட்டி ஒன்றை அங்கே ஆராய்ந்து செய்தார். பிறகு அதைக் கடையில் விற்கும் சாமானாக்க ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். கடற்கரையில் நாங்கள் மீன்பிடிக்கும் வாடிக்கு அவர் வந்த அன்று பெருங்காற்று. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தொடங்கினால் பொழுது போய்விடும். மிஸ்ஸின் குடை கடலுக்கே போய்விட்டது, அதோடு விடுகிறேன்.

"கெம்பஸ்ல ஃபேனுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டிப் பார்த்தாச்சு. எனக்கு வேர்க்கிற நெஞ்சு வேணும்," என்றார்.

"வேர்வைதானே மிஸ்? அது மட்டும் எங்கக்கிட்ட ஏராளம்," என்றேன். பட்டி என் நெஞ்சில் ஏறியது.

வலை இழுத்தால் நழுவும். உப்புப் பட்டால் கடிக்கும். கிழமைக்குக் கிழமை வந்து மாற்றிக் கட்டுவார். என் மனைவியின் திருக்கைக் கறியை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்று, உறைப்பில் கண்ணீர் வழிய, "இப்ப எனக்குக் கட்டினா மெசின் வெடிச்சிரும்," என்பார்.

கம்பெனியில் பணம் போட வருகிறவர்களுக்குக் காட்டும் துடிப்புப் பதிவு முடியும் தறுவாயில் நான் ஒரு பிழை செய்தேன். தங்கச்சி மாப்பிள்ளை நியாஸுக்கு அடிக்கடி நெஞ்சு நோவு. ஆஸ்பத்திரி என்றால் தோணி ஏறிக் கடலுக்கு ஓடிவிடுவான். பட்டியைக் கழற்றி அவனுக்குக் கட்டினேன், இடையிடையே நானும் கட்டிக்கொண்டேன். இசிம் எழுதித் தாயத்தாகக் கட்டினால் காவல் என்று நினைக்கிற ஊர் எங்களுடையது; நல்ல சாமான் நெஞ்சில் கிடந்தால் நோ அடங்கும் என்றே நானும் நினைத்தேன்.

நாலாம் நாள் மிஸ் எனக்குப் போன் எடுத்தார். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். "நானா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. துடிப்பு சரியில்ல."

"எனக்கு ஒண்டுமில்ல மிஸ். அது நியாஸிட நெஞ்சு."

"அவரை முதல்ல ஏத்துங்க. ஏசுறதைப் பிறகு ஏசுறன்."

"உடு மச்சான், வலை அப்பிடியே கிடக்கு!" என்று ஆட்டோவில் வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தான் நியாஸ். நேரத்துக்குப் போனதால் பிழைத்தான்.

ஆனால் மிஸ்ஸின் பதிவு கெட்டது. எந்தத் துடிப்பு எந்த நாளில் யாருடையது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கம்பெனிப் பொடியன் ஒருவன், "ஓராளைக் காப்பாத்தியிருக்கே மிஸ், அதைச் சொல்லியே விப்பம்," என்றான்.

"காப்பாத்தினது உண்மை. பதிவு பிழை. உண்மையைக் காட்டிப் பிழையை விக்க ஏலாது," என்றார். பணம் போட வந்த பணக்காரர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். அந்த முறை நான் பட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியில் பட்டி கடைக்கு வந்தது. முதல் பெட்டியை எனக்குத்தான் அனுப்பினார். உள்ளே இருந்த தாளை மகள் வாசித்தாள். முதல் வரியே இதுதான்: "இது நோயைக் குணமாக்காது. உங்கள் பட்டியை இன்னொருவருக்குக் கட்டாதீர்கள். அவருக்கு நெஞ்சு நோவு என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்."

அந்தத் தாள் என் அலுமாரியில் இருக்கிறது. என் பிழை அதில் இருக்கிறது. என் பேரை மிஸ் போடவில்லை.