வீடு நாறாது

வியாகுலம்மாளுக்கு விற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் திருவொற்றியூர் மார்க்கெட்டே சிரிக்கும். முப்பத்தியொரு வருஷமாக மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற மகராசிகளைக்கூட வெறும் பையோடு திருப்பி அனுப்பியவள் இல்லை. அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வீட்டை விற்கப் போய், பன்னிரண்டே நாளில் அதை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிட்டாள். எப்படி என்கிறீர்களா? மீன் விற்கிற மாதிரியே விற்றாள், வேறென்ன!

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. எர்ணாவூரில் ஒரு மூலை வீடு, முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அவள் கூடை சுமந்து சேர்த்ததும், புருஷன் அருள்நாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிச் சேர்த்ததும் கலந்து எழுப்பியது. பத்திரம் அவள் பெயரில். பின்வாசலில் மூன்று படிகள், அதில் நடுப்படி ஆடும். "நாளிக்குப் பூசிடறேன்" என்று அருள்நாதன் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிற யாரும் அதில் தடுமாறாமல் இறங்கியதில்லை. வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் காலை நீட்டித் தாண்டிவிடுவார்கள்.

இத்தனை ஆசையாகக் கட்டிய வீட்டை ஏன் விற்க வேண்டும்? அருள்நாதனின் மூச்சுக்காகத்தான். மணலிப் பக்கமிருந்து காற்று திரும்புகிற நாளில் ஒரு நெடி வந்து தொண்டையைப் பிடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மீன் வாய் திறப்பது போல வாயைத் திறந்து திறந்து மூடுவார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "மருந்து பாதிதான் பார்க்கும். மீதியைக் காத்துதான் பார்க்கணும். பனிக்காலம் வர்றதுக்குள்ள இடத்தை மாத்துங்க."

இடமும் கிடைத்தது. புழல் ஏரிப் பக்கம், ரமாபாய் என்கிற அம்மாளின் சின்ன வீடு. மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

"புழலா? இன்னா மே, இந்த வயசுல என்னைக் கொண்டாந்து ஜெயிலாண்ட வுடப்போறியா?" என்றார் அருள்நாதன்.

"ஜெயிலுக்குள்ள கூட காத்து நல்லாத்தான் கீதாம். கம்முனு கெட" என்றாள்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று அலைந்து திரிந்து ஒரு பைக்குள் சேர்த்தாள். தரகர் பரசுராமனைப் பிடித்து, வீட்டுச் சாவி ஒன்றையும் அவனிடம் கொடுத்து வைத்தாள். நாற்பத்தைந்து லட்சம் என்று விலையும் சொன்னாள். அது நியாயமான விலை, அந்தத் தெருவில் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

"ஒரு பார்ட்டி கீது யக்கா. யோசிக்குது" என்றான் பரசுராமன்.

அங்கேதான் சனியன் பிடித்தது. மார்க்கெட்டில் ஒருவர் யோசிக்கிறேன் என்று இரண்டடி நகர்ந்தால் வியாகுலம்மாளின் வாய் தானாகத் திறந்துவிடும்: "இந்தா, வா, கேட்டுட்டுப் போ!" வெயில் ஏற ஏற விலை இறங்க வேண்டும். உச்சிக்கு வந்தும் நிற்கிற மீன் தண்டம். முப்பத்தியொரு வருஷம் உடம்பில் ஊறிய புத்தி இது. மறுநாள் சாயங்காலம் யாரும் கேட்காமலே போன் போட்டு, "நாப்பத்திநாலுன்னு சொல்லு பரசு" என்றாள். அதற்கு இரண்டு நாள் கழித்து நாற்பத்திரண்டு. பரசுராமன் என்ன முட்டாளா? தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அக்காவே இறங்கி வருவாள் என்று அப்போதே கண்டுகொண்டான். அதன்பிறகு அவன் போனையே எடுக்கவில்லை. அவள் மணி அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் "முப்பத்தெட்டுன்னா முடிச்சுடறேன்" என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வைத்தாள்.

முப்பத்தெட்டு வந்தால் புழல் வீட்டை வாங்கலாம், பதிவுச் செலவைக் கட்டலாம். வண்டி வைத்துச் சாமானை ஏற்றலாம். அதற்குமேல் மாத்திரை வாங்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

"இன்னா மே, வூட்ட கூறு கட்டி விக்கிறியா?" என்று அருள்நாதன் ஒருநாள் கேட்டார். அவள் எரிந்து விழுந்தாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பரசுராமன் பார்ட்டியோடு வந்தான். மஜீது பாய், தண்டையார்பேட்டையில் இரும்பு வியாபாரம். வெள்ளைச் சட்டை, மரியாதையான முகம். முப்பத்தெட்டுக்கு ஒப்பந்தம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அன்றைக்கென்று பார்த்துக் காற்று திரும்பியிருந்தது. முன்னறைக் கட்டிலில் அருள்நாதனின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"பாய் இன்னிக்குத்தான் மொத மொத வூட்டப் பாக்கறாரு. ஒரு பார்வை பாத்துட்டு வந்துடட்டும், அதுக்குள்ள நீ கையெழுத்தப் போடு யக்கா" என்றான் பரசுராமன்.

வியாகுலம்மாள் அந்தோணியாரை நினைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். பெயரை எழுதத் தொடங்கினாள். கண் மட்டும் பழக்க தோஷத்தில் வாங்க வந்தவனின் மேலேயே இருந்தது. மஜீது பாய் சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனார். காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே, கீழே பார்க்காமலே, காலை நீட்டி நடுப்படியைத் தாண்டி இறங்கினார்.

பேனா நின்றது.

"பாய், இங்க வா" என்று கூப்பிட்டாள். அவர் வந்தார். "இந்த வூட்டுக்கு நீ எத்தினி வாட்டி வந்துகீற?"

"யக்கா, அது..." என்று பரசுராமன் குறுக்கே விழுந்தான்.

"நீ சும்மா இரு. அவர கேட்டேன்."

மஜீது பாய் தரகனைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர். "மூணு வாட்டிம்மா. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்போ இவர்தான் சாவி போட்டுத் தொறந்து காட்டினாரு. மொத வாட்டி அந்தப் படியில விழப் பார்த்தேன்."

அட பாவி பரசுராமா! ஆனால் கோபத்துக்கு அடியில் அவளுடைய வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. ஒரே மீனை மூன்று தரம் வந்து பார்க்கிறவன் அதை வாங்காமல் போகமாட்டான். அது மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யோசிக்கிற பார்ட்டியாம், யோசிக்கிற பார்ட்டி! இந்த மூலை வீட்டின் மேல் அவருக்கு ஆசை இருந்திருக்கிறது, தான்தான் தினம் ஒரு விலை சொல்லித் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எதற்காக? நாளைக்கு இந்தச் சுவர் நாறிவிடுமா? இந்தக் கூரையில் ஈ மொய்க்குமா?

பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள். "நாப்பத்தஞ்சு" என்றாள்.

"யக்கா! நீதான முப்பத்தெட்டுன்ன? இன்னா பேஜாரு இது?"

"நான் மீனுக்கு வெல சொன்னேன்டா. இது வூடு."

மஜீது பாயின் முகம் சிவந்தது. "இவர் பேச்சைக் கேட்டு வந்தது என் தப்புதான். ஆனா பேசின வெல பேசினதுதாம்மா. நான் வரேன்" என்று வாசலில் இறங்கினார். பரசுராமன் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

வியாகுலம்மாளின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, 'இந்தா, வா, கேட்டுட்டுப் போ.' சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அப்போது கட்டிலில் அருள்நாதன் இருமினார். இருமல் நிற்கவில்லை. முகம் நீலம் பாய்ந்தது. அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். அந்த நேரத்தில்தான் அவளுக்கு விளங்கியது. பன்னிரண்டு நாளாக அவள் விலையை இறக்கியது வீடு கெட்டுவிடும் என்று பயந்து இல்லை. இந்த மனிதன் போய்விடுவான் என்ற பயம். சுவர் நாறாது, சரி. இவர்? இவர் எத்தனை நாள் தாங்குவார்? ஐயோ, ஏழு லட்சத்துக்காகப் புருஷனின் மூச்சைப் பணயம் வைக்கிறேனே, நானும் ஒரு பொம்பளையா!

வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"பாய்!" என்று வாயைத் திறந்தாள். பாதி சத்தம் வருவதற்குள் அருள்நாதன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடியில் பலமே இல்லை. ஆனால் விடவில்லை.

"கூப்டாத மே" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. "நான் தாங்குவேன். அங்க போயி... மாத்திரைக்கு... நீ மறுபடியும் கூடை தூக்குவியா? வாணாம். கம்முனு இரு."

அவள் கம்மென்று இருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் இறங்கி அவர் தோளில் சொட்டியது. வண்டிச் சத்தம் தெரு முனை வரைக்கும் போயிற்று. அப்புறம் கேட்கவே இல்லை. முடிந்தது என்று நினைத்தாள். இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மஜீது பாய் தனியாக வந்து நின்றார்.

"அந்தாளை அனுப்பிட்டேன். நாப்பத்திரண்டுன்னா இப்பவே முடிக்கறேன்மா. அதுக்கு மேல என் கையில இல்ல."

"நாப்பத்திமூணு."

அவர் அருள்நாதனைப் பார்த்தார். "சரி. நாப்பத்திமூணு" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "எங்க வூட்ல உங்ககிட்டத்தான் மீனு வாங்குவாங்க. கொசுறு இல்லாம அனுப்பவே மாட்டீங்களாமே. எனக்கு இன்னா கொசுறு?"

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பத்தியோரு வருசமா நான் குடுத்துகினேதான் கீறேன் பாய். இன்னிக்கு எனக்கு நீ குடு. ஒரு வாரத்துல பத்திரத்த முடிச்சுடு. மிச்சமாவற நாளுங்கதான் எனக்குக் கொசுறு" என்றாள். "இன்னொரு வாட்டி காத்து திரும்பறதுக்குள்ள இவர அங்க சேத்துடணும்."