தம்பி என்னைக் கடித்த அன்று

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் எனக்கு வேலை. வீடு தென்காசியில். அம்மா இறந்த பிறகு வீட்டில் மூன்று பேர்தான்: ஹெட் கான்ஸ்டபிளாக ரிட்டயர் ஆன அப்பா, நான், என்னைவிட ரொம்ப இளையவனான தம்பி.

தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கஞ்சா பிடிக்க ஆரம்பித்திருக்கிறான். எங்களுக்குத் தெரிந்தது அவன் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்த பிறகுதான். பைக் சீட்டுக்கு அடியில் பொட்டலத்தைப் பார்த்த அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார். பக்கிள் பட்டுத் தம்பியின் புருவம் கிழிந்தது. கீழே விழுந்தவனை முதுகில் மிதித்தார். குறுக்கே போன எனக்கும் இரண்டு அடி விழுந்தது. ஸ்டேஷனில் எத்தனையோ பேரைத் திருத்திய அடி என்று அவருக்கு நம்பிக்கை. தம்பி அழவில்லை. முகத்தில் ரத்தம் வழிய, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் அடியைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வீட்டு டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். நான் வைத்த தோசையைப் பிய்த்து மோந்து பார்த்தான்.

"என்னலே பாக்க?" என்றேன்.

"நீ என்னமோ கலந்திருக்க. எனக்குத் தெரியும்" என்று தட்டை என் மேல் வீசினான்.

சீசன் நேரம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாட்ஜுக்கு வந்து நின்றான். "யக்கா, தல எரியுது. குளிக்கணும்." தனியாக விட மனமில்லாமல் கூடவே போனேன். அவன் ஆண்கள் பக்கம் போக, நான் துண்டோடு கம்பி ஓரத்தில் நின்றேன்.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஒருவர், மதுரைப் பக்கத்து ஆள், கூட வந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவ்வளவுதான். தம்பி பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தான். தலையைப் பாறையில் மோதினான். மறுபடியும் மோதினான். அருவி விழுகிற வேகத்தில் ரத்தம் தெரிவதற்குள் கரைந்து ஓடியது.

அப்புறம் கூட்டம் அவன் மேல் விழுந்தது. "கஞ்சாக்குடிக்கிப் பயல, கொல்லுங்கலே" என்று யாரோ கத்தினார்கள். வயிற்றில் உதைத்தார்கள், முடியைப் பிடித்து வழுக்குப் பாறையில் இழுத்தார்கள். நான் ஓடிப் போய் அவன் மேல் கவிழ்ந்து படுத்தேன். உதை என் விலாவிலும் முதுகிலும் விழுந்தது. அடியில் கிடந்த தம்பி என் வலது கை மோதிர விரலைப் பல்லால் கவ்வினான்.

"நீதான் இவனுவள வரச் சொன்ன" என்று விரலை விடாமலே உறுமினான். பல் எலும்பில் பட்டதை உணர்ந்தேன். போலீஸ்காரர்கள் வந்து தாடையைப் பிளந்துதான் விரலை எடுத்தார்கள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அவன் கை கால்களைக் கட்டிலோடு கட்டி ஊசி போட்டார்கள். என் விரலுக்குத் தையல். அந்த மதுரைக்காரர் பிழைத்துக்கொண்டார். கேஸ் இன்னும் நடக்கிறது.

மனநல டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். என்னையும் அப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கஞ்சாவில இருக்கிற மாதிரி ஒரு பொருளை நம்ம மூளையே செய்யுதும்மா. ஒரு நரம்பு தேவைக்கு மேல கத்தினா, பக்கத்து நரம்பு அந்தப் பொருளைக் கொஞ்சமா விட்டு 'போதும்'னு அடக்கும். வேலை முடிஞ்சதும் அது கரைஞ்சிரும். கஞ்சாப் புகை அப்படி இல்ல. ஞாபகம், பயம், நேரம் தெரியுறது, நடை, எல்லா இடத்திலயும் ஒரே சமயத்துல போய் உக்காந்துக்கும், சீக்கிரம் போகாது. எதை அடக்கணும் எதை விடணும்னு மூளைக்குத் தெரியாமப் போயிரும். ஒண்ணுமில்லாத சிரிப்புக்குக்கூட ஒரு அர்த்தம் வந்துரும். வளர்ற வயசுல ஆரம்பிச்சிருக்கான். அப்போ மூளை இன்னும் கட்டட வேலை நடக்கிற வீடு மாதிரி."

"அடிச்சா தெளியாதா?" என்று அப்பா கேட்டார்.

"ஏற்கெனவே பயத்துலதான் சார் கிடக்கான். அடிச்சா அந்தப் பயம் இன்னும் கூடும்."



தம்பியோடு சேர்ந்து புகைத்த கூட்டாளி ஒருவன் வார்டுக்குப் பார்க்க வந்தான். "நானும் இவன்கூடத்தான அடிச்சேன் யக்கா. எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றான். கட்டுப் போட்ட கையால் அவன் கன்னத்தில் அறைந்தேன். தையல் பிரிந்து அவன் சட்டையில் ரத்தம் தெறித்தது. நர்ஸ் என்னைப் பிடித்து இழுத்துப் போனாள்.

டாக்டர் மறுபடி தைக்கச் சொல்லிவிட்டு, "அந்தப் பையன் சொன்னது பொய் இல்லம்மா" என்றார். "நிறைய பேருக்கு இந்த அளவுக்குப் போகாது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனம் இருக்கும். யாருக்கு இருக்குன்னு முன்கூட்டிச் சொல்ல எங்ககிட்ட ஒரு டெஸ்ட்டும் இல்ல. கஞ்சா மட்டும்தான் காரணம்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது." யாரைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி தேறி, மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு வந்தான். பிறகு மாத்திரையை நிறுத்தினான், மறுபடி புகைத்தான். ஒரு நாள் காலையில் ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே குத்தி உடைத்தான். அப்பா பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தார். தம்பி தலையைப் பின்னால் வீசி இடித்ததில் அப்பாவின் மூக்கு உடைந்தது. ரத்தம் இருவர் மேலும் வழிந்தது. அப்பா பிடியை விடவில்லை, கையும் ஓங்கவில்லை. "ஆட்டோ கூப்பிடு தாயி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவன் புகைக்கவில்லை, எங்களுக்குத் தெரிந்து. இப்போது எங்கள் லாட்ஜிலேயே துணி துவைக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிறான். உடம்பு ஊதிவிட்டது, பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு வேலை சொன்னால் பாதியில் மறந்துவிடுகிறான். காலையில் அப்பாவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பா மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கிறார். அவன் வாங்கிப் போட்டுக்கொள்கிறான்.