அவன் அனுப்பிய தண்ணீர்

என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. கழற்றி மாட்ட முடியாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன் சும்மா உட்காரலாம் இல்லையா? யார் வீட்டு மிக்சி ஓடவில்லை, யார் வீட்டு ஸ்டவ் புகைகிறது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கத் தேடிப் போவார். அந்த வியாதியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் அப்படித்தான், ஆனால் நஷ்டம் இன்னொருவருக்கு.

பக்கத்து வீட்டு அக்கா தூத்துக்குடிக்காரர். அவர் கணவருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. அக்காவுக்கு ஒரே தம்பி. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். தம்பி வளர்ந்து கப்பல் வேலைக்குப் போனான். எண்பதுகளின் நடுவில், நாங்கள் அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய பனியன் துணியில் சுற்றி, உள்ளே ஒரு கண்ணாடி உருண்டை. உருண்டை நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குட்டி மரம். கவிழ்த்து நிமிர்த்தினால் வெள்ளைத் தூள் மெல்ல மெல்ல இறங்கி மரத்தின்மேல் படியும். பனி என்றார் அக்கா. பாரிவாக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த பனி மார்கழியில் கோலம் போடும்போது மூக்கை அடைக்கிற பனி. அது இப்படி அழகாகவும் விழும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மான் வண்டி வைத்த உருண்டை வந்தது. அதற்கடுத்த வருஷம் வந்ததில் கூரான கோபுரத்தோடு ஒரு சர்ச் இருந்தது. டிசம்பர் பிறந்தால் அக்கா வீட்டு முன்னறையில் குடில் வைப்பார். காகிதத்தைக் கசக்கி மலை, தட்டில் கேழ்வரகு தூவி முளைக்க வைத்த புல், அதற்கு முன்னால் வரிசையாக இந்த மூன்று உருண்டைகள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் அதைக் குலுக்கிப் பார்க்க வந்து நிற்பார்கள். "ஆளுக்கு ஒரு தரந்தான். கெடந்து ஆட்டப்பிடாது" என்று சொல்லிவிட்டு, போகும்போது கையில் ஒரு முந்திரிக்கொத்தும் கொடுத்து அனுப்புவார்.

நாலாவது வருஷம் பார்சல் வரவில்லை. கடிதமும் இல்லை. கொஞ்ச நாள் கழித்துக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் ஊர் பார்க்க இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பவில்லையாம். அவ்வளவுதான் சேதி. அக்கா அந்தக் காகிதத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, அந்த வருஷமும் குடில் வைத்தார், வாசலில் ஸ்டார் கட்டினார். "வருவான் பிள்ள. வழி தெரியாதவனா அவன்?" என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதற்கு மறுவருஷம் சர்ச் உருண்டையில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. எங்கே கசிகிறது என்று தெரியவில்லை. கோபுரத்து நுனி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. அக்கா விரலை வைத்து அளந்து காட்டுவார். "இதுதான் அவன் கடைசியா அனுப்புனது. இதுவும் போயிருமோ?" என்று ஒருநாள் கேட்டபோது எனக்கு மனசு தாங்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு பாத்துக்குவாருக்கா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்குக் கரும்பு தின்னக் கூலியா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். உருண்டையின் அடியில் இருந்த ரப்பர் மூடியைத் திருகி எடுத்தார். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஒரு சொம்பில் பிடித்தார். வெள்ளைத் தூளை அலசி எடுத்தார். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரைக் கடையிலிருந்து வாங்கி வந்து நிரப்பினார். மூடியைப் பசை போட்டு இறுக்கினார். சொம்புத் தண்ணீர் அடுப்படியில் இருந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான். அரிசி களைந்தது, கை கழுவியது எதையும் நாங்கள் சாக்கடைக்குக் கொடுத்ததில்லை. கைப்பழக்கத்தில் அந்தச் சொம்பையும் எடுத்துப்போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பன்னீர் ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உருண்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் கணவர் முகத்தில் அத்தனை பெருமை. அக்கா ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார். பனி முன்னைவிட நன்றாக விழுந்தது. சிரித்தார். பிறகு, "உள்ள கெடந்த தண்ணி எங்க?" என்று கேட்டார்.

"அது பழசுக்கா, கொட்டியாச்சு. இது சுத்தமான தண்ணி. இனிமே ஒரு சொட்டு எறங்காது" என்றார் என் கணவர்.

"அது அவன் அனுப்புன தண்ணில்லா" என்றார் அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. செடிக்கு ஊற்றியதை நான்தான் சொன்னேன். அக்கா வந்து பார்த்தார். ஈர மண்ணில் துணிக்குத் தப்பிய வெள்ளைத் தூள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "செடிதான குடிச்சிருக்கு, போட்டும். வீணாப் போகல" என்றார். மறுநாளிலிருந்து தன் பங்குக் குழாய்த் தண்ணீரில் ஒரு சொம்பு கொண்டுவந்து அந்தச் செடிக்கு ஊற்ற ஆரம்பித்தார்.

அந்தத் தண்ணீரில் என்ன மருந்து கலந்திருந்ததோ, பத்து நாளில் செடியின் இலை ஓரமெல்லாம் கருகியது. கிறிஸ்மஸ் முடிந்து அக்கா ஊருக்குப் போகும்போது, "பாத்துக்கிடு பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொங்கலுக்குள் அது பட்டுப்போனது. குச்சியைக் கீறினேன், உள்ளே பச்சையே இல்லை.

குமணன்சாவடியில் செடி விற்பவரிடம் அதே உயரத்தில் ஒரு பன்னீர் ரோஜா பார்த்து வாங்கிவந்து அதே குழியில் நட்டேன். "இன்னா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டார் என் கணவர்.

"நீங்களும் நானும் பண்ணத மூடிக்கினு கீறேன்" என்றேன். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா திரும்பி வந்ததும் நேரே செடியைத்தான் பார்த்தார். "பொழச்சிட்டே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் சொம்போடு அவர் வரும்போதெல்லாம் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன்.

தம்பி வரவே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் கணவர் ஓய்வு பெற்றார். லாரியில் சாமான் ஏற்றுகிற அன்று அக்கா சர்ச் உருண்டையை மட்டும் தனியே எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ரெண்டு நான் கொண்டு போறேன். இது உங்ககிட்ட இருக்கட்டும். இதுல இருக்கது உங்க தண்ணி." பிறகு ரோஜாச் செடியில் பென்சில் பருமனுக்கு ஒரு குச்சியை வெட்டி, நுனியில் சாணி அப்பி, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டார். கைக்குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார்.

"வச்சா வரும்லா பிள்ள?"

"வரும்க்கா" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. பின்பக்கம் அக்கா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "தம்பி செடி நல்லாப் பூக்குது. குடிலில் அந்த மூணாவது உருண்டை இருந்த எடத்துல இப்ப அந்தப் பூவைத்தான் வைக்கேன்." அவன் கடைசியாக அனுப்பிய உருண்டை எங்கள் டிவி பெட்டியின்மேல் இருந்தது. பதில் எழுதக் காகிதம் எடுத்து, இரண்டு தரம் நிஜத்தை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது தரம், சந்தோஷம் அக்கா, தண்ணீர் விட மறக்காதீர்கள் என்று எழுதித் தபாலில் போட்டேன்.