ஊஞ்சலில் மாட்டிய ஹெட்ரெஸ்ட்

வையம்பட்டி பிச்சமுத்துவின் மகன் நல்லதம்பி பி.எஸ்ஸி. முடித்தவன். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இரண்டாவது பட்டதாரி வருவதற்கான அறிகுறி எதுவும் அப்போது இல்லை.

படித்தது தாவரவியல். வேலை கிடைத்தது தென்னூரில், கார் விற்கும் ஒரு நிறுவனத்தில். லாரியில் வந்து இறங்கும் புதுக் கார்களைச் சுற்றி வந்து, முப்பத்திரண்டு அம்சம் உள்ள ஒரு தாளில் டிக் போட்டு, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷம் தற்காலிகம், அதன் பிறகு நிரந்தரம். பிச்சமுத்து பொறுமை இல்லாதவர். மகன் வேலைக்குச் சேர்ந்த வாரமே நிரந்தரம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

தாளில் பத்தொன்பதாவது அம்சம் ஹெட்ரெஸ்ட். முன் சீட்டுகளின் மேல், இரண்டு கம்பியில் செருகியிருக்கும் சின்னத் திண்டு. ‘சீட்டில் அமர்ந்து, இரு கையாலும் இழுத்துப் பார்க்கவும்’ என்று போட்டிருந்தது. நல்லதம்பி அதுவரை எந்தக் காரிலும் உட்கார்ந்ததில்லை. சீட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று இருந்தன. அவன் பேன்ட்டில் எப்போதும் டவுன் பஸ்ஸின் தூசி இருந்தது. உட்காரலாம் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் அவனுக்குக் கூச்சம். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தான். திண்டு இருந்தது. டிக் போட்டான்.

1988 ஜூனில் கார் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட சில கார்களில் ஹெட்ரெஸ்டின் பூட்டு சரியில்லை. பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் திண்டு கழன்றுவிடும், கழுத்தைத் தாங்க எதுவும் இருக்காது. வண்டிகளைத் திரும்ப வரவழைத்து இலவசமாக மாற்றித் தரவும். திருச்சியில் அப்படிப்பட்ட வண்டிகள் பதினொன்று. பதினொன்றின் தாளிலும் நல்லதம்பியின் கையெழுத்து இருந்தது. ஒரு தடவை இழுத்திருந்தால் அன்றைக்கே கையோடு வந்திருக்கும்.

மேனேஜர் இருதயநாதன் அவனைக் கூப்பிட்டார். “இந்த வேலை உன்னோடது. ஜூலை பதினஞ்சுக்குள்ள பதினொன்னும் முடியணும். அன்னிக்குத்தான் உன் பர்மனென்ட் ஆர்டர்லயும் கையெழுத்துப் போடுறேன். புரியுதா?”

புரிந்தது. பதினொரு பேருக்கும் கடிதம் போட்டான். ஒருவரும் வரவில்லை. கம்பெனிக்காரன் இலவசமாகச் செய்து தருகிறேன் என்று எழுதினால், வேறு ஏதோ பெரிய கோளாறை மறைக்கிறான் என்றுதான் திருச்சியில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சைக்கிளில் வீடு வீடாகப் போனான்.

பாலக்கரை டாக்டர் டோரதி கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். “அப்ப இவ்வளவு நாளா நான் இதோடதான் ஓட்டிக்கிட்டு இருந்தேனா?”

“ஆமாங்க டாக்டர்.”

“எனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இதுவரைக்கும் யாரும் மோதலைங்க.”

டாக்டர் அன்று சாயங்காலமே வண்டியை அனுப்பினார். அந்த வாரம் முழுக்க நல்லதம்பி பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். படித்தவன் என்றால் என்ன அர்த்தம், பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதத் தெரிந்தவனா என்றெல்லாம் யோசனை ஓடியது. யோசனையில் இரண்டு தடவை இறங்கும் இடத்தைத் தவறவிட்டான்.

ஜூலை பதினான்குக்குள் பத்து வண்டிகள் முடிந்தன. பதினொன்றாவது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், ரிட்டயர்டு எஞ்சினியர் அழகியமணவாளன் வீட்டில் இருந்தது. அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும், புது ஹெட்ரெஸ்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஃபிட்டர் தாஜுதீனுடன் இவனே போனான்.

வாசலில் நின்ற காரில் ஹெட்ரெஸ்ட் இல்லை. உள்ளே கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் பலகையில் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் ஒன்று என்று இரண்டு ஹெட்ரெஸ்ட்டையும் செருகியிருந்தது. எஞ்சினியர் வேலை, சுத்தமாக இருந்தது.

“வாங்கோ வாங்கோ. புதுசு கொண்டு வந்துட்டேளா?” என்று எழுந்தார் அழகியமணவாளன். பழைய இரண்டையும் உருவித் தாஜுதீன் கையில் கொடுத்துவிட்டு, புதியதை வாங்கி ஊஞ்சலில் செருகி, சாய்ந்து பார்த்தார். “இது இன்னும் ஜோரா இருக்கு.”

“சார், இது வண்டியில இருக்கணும் சார்.”

“வண்டியிலே இருந்தா இவளுக்கு மறைக்கறதே! டவுன்லேர்ந்து திரும்பறச்சே காவேரிப் பாலத்துலே ஏறினதும் இவ கோபுரம் சேவிக்கணும். கும்பாபிஷேகம் ஆனதுலேர்ந்து ஒரு நாள் தப்பினதில்லே. முதல் நாளே கழட்டிட்டேன்.”

சமையலறை வாசலில் நின்ற கமலவல்லி மாமி ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள். குள்ளமான உருவம்.

“முன் சீட்ல யாருங்க சார் உக்காருவாங்க?”

“நான் ஓட்டுவேன்.”

“பக்கத்துல?”

“பூக்குடலை.”

நல்லதம்பி கொஞ்சம் யோசித்தான். “அம்மா முன்னாடி உக்காந்தா எதுவும் மறைக்காதுங்களே.”

ஊஞ்சல் நின்றது.

“இவளா? முன்னாடியா?” என்றார் அழகியமணவாளன். “இந்த ஆத்துலே பொம்மனாட்டிகள் பின்னாடிதான். எங்கப்பா குதிரை வண்டி வச்சிருந்த காலத்துலேர்ந்து அப்படித்தான்.”

“குதிரை வண்டியிலே முன்னாடி குதிரைன்னா இருந்தது” என்றாள் மாமி. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அழகியமணவாளன் ஊஞ்சலை விட்டு எழுந்தார். வேலை முடிந்ததற்கான படிவத்தை வாங்கித் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு, “இதானே வேணும்? எடுத்துண்டு போங்கோ” என்றார்.

திரும்பும்போது பாலத்தின் மேல் தாஜுதீன் சொன்னார்: “பழசு வந்துருச்சு, புதுசு குடுத்தாச்சு. உன் கையெழுத்தையும் போட்டுடு தம்பி. ஊஞ்சல பின்னாடி வந்து எவன் இடிக்கப்போறான்?”

படிவத்தில் ‘வண்டியில் பொருத்தி, இழுத்துப் பார்க்கப்பட்டது’ என்று இருந்தது. நல்லதம்பி சைக்கிளை மிதித்தான்.

மறுநாள் இருதயநாதனும் அதையேதான் சொன்னார். “உன் ஆர்டர் டைப் அடிச்சு இதோ மேசையில இருக்குப்பா. நீ போட்டா நானும் போடுறேன்.”

“வண்டியில மாட்டலைங்க சார்.”

“அவரு மாட்டலைன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவே?”

“சார், அந்தப் பதினொரு வண்டியையும் நான் மொதல்லயே இழுத்துப் பாக்கலைங்க. பாக்காமலே டிக் போட்டேன்.”

இருதயநாதன் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். “இதை ஏம்ப்பா என்கிட்ட சொன்னே? இவ்வளவு நேரம் எனக்குத் தெரியாம நல்லா இருந்துச்சு.”

நல்லதம்பி ‘பொருத்தப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஆர்டர் மேசையிலிருந்து இழுப்பறைக்குப் போனது. தற்காலிகம் இன்னும் ஆறு மாதம் நீண்டது.

நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு அழகியமணவாளனின் கார் நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் கமலவல்லி மாமி, மடியில் இரண்டு ஹெட்ரெஸ்ட். பின் சீட்டில் பூக்குடலை தனியாக இருந்தது. அழகியமணவாளன் யாரையும் பார்க்காமல் இறங்கி, சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்துக் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

“நன்னா மாட்டுங்கோ தம்பி” என்று இறங்கினாள் மாமி. “வரச்சே கோபுரம் முதுகுப் பக்கம் போயிடுத்து. திரும்பிப் போறச்சேதான் தெரியும், முன்னாடிலேர்ந்து எப்படி இருக்குன்னு.”

தாஜுதீன் இரண்டு நிமிஷத்தில் மாட்டினார். “ஆச்சு” என்றார்.

நல்லதம்பி செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சீட்டு அவன் நினைத்ததைவிடப் பள்ளமாக இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு கையாலும் திண்டை இழுத்தான். வரவில்லை. இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அப்போதும் வரவில்லை. பிறகு தலையைப் பின்னால் சாய்த்து அப்படியே வைத்திருந்தான்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இருதயநாதன் வெளியே வந்தார். “என்னப்பா பண்றே அங்க?”

“செக் பண்றேன் சார்.”

“ரிப்போர்ட் அனுப்பியாச்சு. உன் ஆர்டரை இனிமே மாத்த முடியாது, ஆறு மாசம் ஆறு மாசந்தான்.”

“சரிங்க சார்.”

வையம்பட்டியில் அவன் ஏற்கெனவே நிரந்தரம். அங்கே எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நல்லதம்பி இறங்கி, காரைச் சுற்றி மறுபக்கம் போய், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.