இரண்டு பேருக்கான பாத்திரம்

எங்கள் கிடங்கில் அவருக்கு அலமாரி என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணன், முதுகுக்குப் பின்னால் அலமாரி. தண்ணீர் பம்புகளுக்கான உதிரி பாகங்கள் வைத்திருக்கும் கிடங்கு அது. அவர் ஸ்டோர்கீப்பர், நான் வேன் ஓட்டுகிறவன். ஒரு வாஷரை இடம் மாற்றி வைத்துவிட்டால் போதும், அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவருடைய சட்டம் எளிது. தினமும் போகிற சரக்கு இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்க வேண்டும். எப்போதாவது போவது உச்சித் தட்டுக்கு. யாருமே கேட்காத பழைய சாமான்களுக்குக் கடைசி வரிசை. அந்த வரிசையையும் வாரம் தவறாமல் துணியால் துடைப்பார். இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் கிண்டல் செய்தால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே என்ன எண் போட்டிருக்கிறது பார் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பகீர் என்றது. கண்ணை மூடிக்கொண்டு பேரிங் எடுத்துக் கொடுக்கிற மனிதர். மறுநாளே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை தலைக்கு மேல் ஏறி, கண்ணுக்குள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. சர்க்கரையை இறக்காவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

கண் போனால் கிடங்கு வேலை போகும். அதைவிட வேறொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. அண்ணி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கண் தெரியாமல் அந்த வீட்டில் அவரை யார் கைபிடித்துக் கூட்டிப் போவார்கள்?

வாய்க்கட்டு, மனக்கட்டுப்பாடு என்று நான் உபதேசம் ஆரம்பித்தேன். அவர் நடுவிலேயே நிறுத்தினார்.

"மனசைக் கட்டுப்படுத்தறதெல்லாம் எனக்கு வராதுப்பா. அடுக்கி வைக்கத்தான் வரும்."

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் சமையலறை கிடங்காகி நின்றது. கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் பழக்கூடை. குளிர்பெட்டியின் முன்வரிசையில், உள்ளே இருப்பது தெரிகிற டப்பாக்களில் நறுக்கிய வெள்ளரியும் கேரட்டும். தண்ணீர்க் குடுவை கைக்குப் பக்கத்தில். டிவிக்கு முன்னால் இருந்த சின்ன மேஜையைக் காணோம், தின்பண்டம் வைக்க இடம் இருக்கக்கூடாதாம். பிஸ்கட், மிக்சர், சர்க்கரை மூன்றும் பரணில். தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே என்றேன். நல்ல சரக்கைப் போய் யாராவது வீசுவார்களா என்று என்னையே முறைத்தார். பிறகு பரணில் ஏற வீட்டில் இருந்த ஒரே ஏணியை என் தோளில் ஏற்றி, உன் வீட்டிலேயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே என் வாசலில் வந்து நின்றார். பல்பு போய்விட்டதாம், ஏணி வேண்டுமாம். எந்த அறை பல்பு என்று என் மனைவி கேட்டாள். மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, திருதிருவென்று விழித்தார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிஸ்கட்டுக்காக மட்டும் வந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை பாடுபட்டும் அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு எங்களைச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார். அண்ணன் தன் அடுக்குமுறையை விளக்க, அந்தப் பெண் அசந்துபோய்க் கேட்டுக்கொண்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எங்கே இடிக்கிறது என்று யோசித்தவள், போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"வீட்ல எத்தனை பேருக்கு சமைக்கிறீங்க?"

"ரெண்டு பேருக்கு."

"இன்னொருத்தர் யாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் இல்லம்மா. அந்தப் பாத்திரத்துல ரெண்டு பேர் அளவு போட்டாத்தான் சோறு சரியா வேகும்."

அவர் மெல்லச் சொன்னார்.

"முதல்ல என் பங்கைச் சாப்பிடுவேன். அப்புறம் அவ பங்கு இருக்கும். அதை எப்படிம்மா குப்பையில கொட்டறது?"

அந்தப் பெண் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடமாக இந்த மனிதர் தினமும் இரண்டு பேர் சாப்பாட்டைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் பக்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, தொப்பை வந்துவிட்டது என்று கேலியும் செய்துகொண்டிருந்தேன்.

வருகிற வழியில் பாத்திரக் கடைக்குப் போனோம். ஒரு ஆளுக்கு என்று கேட்டதும் கடைக்காரர், பையன் வெளியூரில் படிக்கப் போகிறானா என்றார். அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடுகிற பாத்திரம். கூடவே அரிசி அளக்க அதற்கேற்ற சின்ன ஆழாக்கு.

ஏணியை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். பெரிய பாத்திரத்தைப் பரணில் வைத்தார். பிறகு இறங்கி, அண்ணியின் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கிய தட்டு. அதை வைத்த பிறகும் இறங்கவில்லை. பரணைப் பார்த்தபடி அப்படியே நின்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு சர்க்கரை இறங்கியது. கண்ணில் கசிவு நின்றுவிட்டது, இருக்கிற பார்வை தங்கும் என்று டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேனில் திரும்பும்போது அவர் மட்டும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"என்னண்ணே, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான். சாப்பாடுதான் சீக்கிரம் முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு தெரியலப்பா."

சிக்னலில் நின்ற நேரம் முழுவதும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏணி கேட்டு வந்தார். என் மனைவி இந்தத் தடவை பல்பைப் பற்றிக் கேட்கவில்லை. பிஸ்கட்டுக்கு இல்லை என்று அவராகவே சொன்னார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே போனேன். ஏறினார். பிஸ்கட் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டை எடுத்து, சட்டைப் பையிலிருந்த துணியால் நசுங்கிய விளிம்பு வரைக்கும் பொறுமையாகத் துடைத்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

ஏணியை இனி இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், உன் வீட்டிலேயே இருக்கட்டும், அடுத்த வாரமும் நான் வந்து கேட்கிறேன் என்றார்.