எட்டாவது போல்ட்டு

காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் போவது பம்பு அறைக்கு. அங்கிருக்கும் மோட்டாரின் வயர்ப் பெட்டி மூடியில் எட்டு போல்ட்டுகள் உண்டு. இடது மேல் மூலையில் இருப்பதை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். மேனேஜர் சாமி கும்பிடுகிறார் என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

தாராபுரம் சாலையில் இருக்கும் எங்கள் ஆலையில், புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை ஹெக்சேன் ஊற்றிப் பிரிக்கிறோம். ஹெக்சேன் பெட்ரோலுக்குப் பங்காளி. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழும், ஒரு பொறி போதும். அதனால்தான் அங்கே ஃபிளேம் ப்ரூஃப் மோட்டார்கள். அவற்றைப் பொருத்தக் கோவையிலிருந்து வந்தவர் காண்ட்ராக்டர் அக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் ஆலையில் எல்லோருக்கும் அவர் அக்கா. கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டை முறுக்கிவிட்டு, மாட்டைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்துப் பார்ப்பார். மூடியும் பெட்டியும் சேரும் இடுக்கில் தாளைவிட மெல்லிய தகட்டை நுழைப்பார். நுழைந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவார். ஒரே மூடிக்கு அரை நாள் ஆனபோது எரிச்சல் வந்தது. போகப்போக அந்த எரிச்சல் பிரமிப்பாகிவிட்டது.

தை மாதத்தில் ஒரு காலை, ஆலைத் தொடக்கத்துக்கு நல்ல நேரம் குறித்திருந்தார்கள். மோட்டாருக்கு மாலை போட முதலாளியின் மனைவி ஒரு கொக்கி கேட்டார். நான்தான் மூடியின் இடது மேல் மூலை போல்ட்டைக் கழற்றி, ஸ்டோரில் கிடந்த கொக்கி போல்ட்டை அங்கே முறுக்கினேன். மீதி ஏழு இருக்கிறதே என்று நினைத்தேன். கழற்றியது என் சட்டைப் பையில் கிடந்தது.

ஸ்விட்ச் போடுமுன் கடைசியாக ஒருமுறை மூடியைத் தடவிப் பார்த்த அக்காவின் கை மாலைக்கடியில் நின்றது.

"ஸ்விட்ச் போட வேண்டாமுங்க. இது எங்க போல்ட்டு இல்லீங்க."

நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனம்மணி, உன்ற ஆளுக லட்சணம் இதுதானா? ஒரு போல்ட்டுக்கு இத்தன ரகளையா?"

"பெட்டிக்குள்ள நெருப்பு வராதுன்னு நான் சொல்லலீங்க. வந்தாலும் வெளிய உடக்கூடாது, அதுக்குத்தானுங்க எட்டு போல்ட்டு. ராத்திரி எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது நானுங்க. என்ற பொறுப்புங்க."

அத்தனை பேர் முன்னால் திட்டு தொடர்ந்தது. அவர் யாரையும் கைகாட்டவில்லை. நான் பையில் கைவிட்டு, போல்ட்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து, மோட்டாருக்கடியிலிருந்து எடுப்பதுபோலப் பாவனை செய்து நீட்டினேன்.

அக்கா வாங்கினார். ஜில்லென்ற சிமெண்டுத் தரையில் கிடந்ததாக நான் காட்டிக்கொண்ட போல்ட்டை விரல்களுக்குள் மூடினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சூடா இருக்குதுங்க சார்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவ்வளவுதான். மாலையை அவிழ்த்தார், கொக்கியைக் கழற்றினார், போல்ட்டின் புரியைத் துடைத்தார், முறுக்கினார், தகடு வைத்துப் பார்த்தார். நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது மோட்டார் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும்போது முதலாளி என்னிடம், "அடுத்த ஷெட்டுக்கு வேற ஆளு பாருங்க," என்றார்.

"அந்தப் போல்ட்டக் கழட்டினது நானுங்க," என்றேன்.

அவர் இலையிலிருந்து கையை எடுத்தார். "அப்பறம் ஏனுங்க அந்தப் புள்ளையத் திட்டு வாங்க உட்டீங்க?"

நான் இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

அடுத்த ஷெட்டின் மோட்டார்களையும் அக்காதான் பொருத்தினார். அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இன்று காலையும் பம்பு அறைக்குப் போனேன். எட்டாவது போல்ட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. இரவெல்லாம் ஓடிய மோட்டாரின் சூடுதான், தெரியும். இருந்தாலும் சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.