அவன் ஜெயித்த ஆட்டம்

நான் தோற்கத் தெரியாதவன். கேரம் போர்டில் தோற்றால் பவுடர் சரியில்லை என்பேன், கிரிக்கெட்டில் அவுட்டானால் அது நோ பால் என்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேற்கொண்டு படிக்கிறவர்கள் என்னிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக அங்கேதான் போவோம். ஓரமாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சண்டை கேம் உண்டு. ஒரே கீபோர்டின் இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன் என்று தோள் இடிக்க உட்கார்ந்து ஆட வேண்டும். தோற்றவன் எழுந்துவிட வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம். நான் பல ஞாயிறுகள் எழுந்ததே இல்லை.

என்னோடு பிளஸ் டூ வரை படித்த சிநேகிதன் ஒருவன் அங்கே வருவான். படிப்பை விட்டு பூட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போன முதல் வருடமே, தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் அவனுடைய இடது கை விரல்களில் நான்கைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் பின்னால் நின்று மணிக்கணக்காக வேடிக்கை பார்ப்பான். ஒரு நாள் என்னிடம், "மாப்ள, ஒத்தக் கையில ஆடுற மாதிரி ஏதாச்சும் செய்ய முடியுமாலே?" என்று கேட்டான்.

முடியும். அந்த கேமில் பெரிய அடி கொடுக்க, ஒரு கையால் நகர்த்தும் கீகளை வரிசையாகத் தட்டி, அதே நொடியில் மறு கையால் அடிக்கும் கீயை அமுக்க வேண்டும். கல்லூரி சீனியர் ஒருவரிடம் ஒரு சின்ன மேக்ரோ புரோகிராம் இருந்தது. நாம் தட்டுகிற கீகளை வரிசையாகப் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரே கீயை அமுக்கினால் அப்படியே திரும்பத் தட்டிவிடும். அதை பிளாப்பியில் கொண்டுவந்து, சென்டர் அண்ணனுக்குத் தெரியாமல் ஏற்றினேன். கீபோர்டின் வலது ஓரத்து என்டர் கீயில் பெரிய அடியை வைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒன்றிரண்டு நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் என்டரை அமுக்கினால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. ஒரு கணம் முந்தினால் எதிராளி தாண்டிக் குதித்து மிதிப்பான், பிந்தினால் நாம் ஏற்கெனவே தரையில் கிடப்போம். எப்போது அமுக்குவது என்பதை அவன் இரண்டு மாதம் அடி வாங்கி அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டான். அவன் கையை உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று எல்லாரும் திரையையே பார்த்ததால், என்டர் விஷயம் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு, நான் வருவதற்குள் எட்டுப் பேரை எழுப்பிவிட்டிருந்தான். ஒன்பதாவது ஆளாக நான் உட்கார்ந்தேன். தோற்றேன். "இன்னொரு ஆட்டம்" என்று சட்டத்தை மீறிக் கேட்டு, அதிலும் தோற்றேன். பின்னாலிருந்து எவனோ, "ஏலே, ஒத்தக் கையிலயே இவனைச் சாச்சுப்புட்டான்டா!" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான், என்னைக் கேலி செய்து அல்ல, சந்தோஷத்தில்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அவன் எங்கடா ஆடுறான்? அந்த ஓரத்து என்டரை அமுக்கிப் பாருங்க, எல்லாம் அதுவே ஆடும்" என்றேன்.

சென்டர் அண்ணன் வந்து அமுக்கிப் பார்த்தார். திரையில் பெரிய அடி தானாக விழுந்தது. "கள்ள ஆட்டம், கள்ள ஆட்டம்" என்று பையன்கள் கத்தினார்கள். அண்ணனுக்குக் கோபம். "எவன்டா என் மெஷின்ல இதை ஏத்துனது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். "நாந்தாண்ணே" என்றான் அவன். பிளாப்பியை எந்தப் பக்கம் செருகுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"இனிமே இந்தப் படியேறாத" என்றார் அண்ணன். அவன் போனதும், "நீ உக்காருப்பா" என்று என்னிடம் சொன்னார். உட்கார்ந்தேன். மதியம் வரை ஆடினேன், ஜெயித்துக்கொண்டும் இருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் நா கூசுகிறது.

அந்த வாரம் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அம்மாவை எதிர்த்துப் பேசியதைச் சொன்னேன், பூசைக்குப் பிந்தி வந்ததைச் சொன்னேன். "வேற?" என்றார் சாமியார். யோசித்தேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, என்டரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதானே? "வேற ஒண்ணுமில்ல சாமி" என்றேன். பரிகாரமாக அவர் சொன்ன மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அவனே என்னிடம் வந்தான். திட்டுவான், அடிப்பான் என்று தயாராக நின்றேன். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

"ஒம்பேரைச் சொல்லிருந்தா அண்ணன் ஒங்கப்பாட்ட போயி நின்னுருப்பாரு. வாத்தியார் மகன், ஒனக்கு அசிங்கம். எனக்கென்ன, பட்டறைக்குப் போறவன்" என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "மாப்ள, ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லு. ஒனக்குத்தான் அதெல்லாம் தெரியும். அன்னிக்கு ஒன்னைய ஜெயிச்சது நானா, இல்ல அந்த மெஷினா?"

எனக்குப் பதில் தெரியும். அந்தத் திண்டுக்கல்லில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவனும் அதனால்தான் என்னிடம் கேட்டான்.

"விடுலே, வெளாட்டுதானே" என்றேன்.